தொட்டில் பாட்டின் மூன்றாவது வரி

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு பேருக்குத்தான் தேர்வு. ஆய்வேட்டைப் படித்தவர்கள் ‘சரி’ என்று எழுதி அனுப்பிய பிறகுதான் அதற்கு நாளே குறிப்பார்கள். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வியும் கேட்கலாம் என்று சுவரில் அறிவிப்பு ஒட்டுவார்கள். பொதுமக்களுக்கு வேறு வேலை இல்லையா என்ன? ஆகவே கேள்வி கேட்கவும் ஆய்வு செய்தவரே ஆள் பிடித்து வைக்க வேண்டும். கேள்வியைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால், அவர்கள் எழுந்து நின்று அப்போதுதான் தோன்றியது போலக் கேட்பார்கள். பதிலும் அப்போதுதான் தோன்றியது போல வரும். பிறகு கைதட்டல், தேநீர், பிஸ்கட். அவ்வளவுதான் சங்கதி.

பாட்டு டீச்சரும் இரண்டு பேரைப் பிடித்து வைத்திருந்தாள். ஒருவர் கல்லூரி நூலகர், இன்னொருத்தி அவளுடைய நாத்தனார். நூலகர் இந்த மாதிரி எத்தனையோ தேர்வுகளில் கேள்வி கேட்டுப் பழம் தின்று கொட்டை போட்டவர். நாத்தனாருக்குத்தான் பயம். காலையிலிருந்து சீட்டைப் பார்ப்பதும் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைப்பதுமாக இருந்தவள், நடுவில் மறந்துவிட்டால் என்ன செய்வது என்று மூன்று முறை கேட்டுவிட்டாள். மறந்துவிட்டால் இருமிவிட்டு உட்கார்ந்துவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று டீச்சர் சொல்லி வைத்திருந்தாள்.

பாட்டு டீச்சர் என்றதும் ஆர்மோனியத்தோடு யாரையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அவள் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவள். அவள் வாயிலிருந்து ஒரு வரி ராகத்தோடு வந்து யாரும் கேட்டதில்லை, குளியலறையில்கூட. வருஷக்கணக்காக சினிமாப் பாட்டையே கட்டிக்கொண்டு மாரடித்ததால் ஆசிரியர் அறையில் விழுந்த பெயர் அது. முதலில் அந்தப் பெயரில் இளக்காரம் இருந்தது. சினிமாப் பாட்டு இலக்கியம் என்றால் சோப்பு விளம்பரமும் இலக்கியம்தானே என்று ஒருவர் கேட்டார். நல்ல விளம்பரமாக இருந்தால் அதையும் படிக்கலாம், உங்கள் கட்டுரையைப் படிப்பதைவிட அது மேல் என்று இவள் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் சோப்பைப் பற்றிப் பேசவில்லை.

அவள் ஆராய்ந்தது கவிஞரை. எத்தனையோ பேர் கவிதை எழுதினார்கள். ஆனால் வெறுமனே ‘கவிஞர்’ என்று சொன்னால் அது அவர் ஒருவர்தான். பேருந்தில், முடிதிருத்தும் கடையில், கல்யாண வீட்டில், சாவு வீட்டில் என்று எங்கே போனாலும் அவர் எழுதியது காதில் விழும். அதிலும் அந்தத் தொட்டில் பாட்டு. படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை, பாட்டு நாற்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

*ஆளில்லாத் தொட்டிலை யார் ஆட்டச் சொன்னது,*
*வாய்வரை வந்த பாட்டு ஏன் பாதியில் நின்னது,*
*புருவத்தின் ஓரத்தில் பிறை ஒன்று பூத்ததே,*
*பொழுதாகும் முன்னாலே ஏன் மண்ணில் சாய்ந்தது.*

இந்தப் பாட்டை மற்றப் பாட்டுகள் போலக் கேட்டுவிட்டுப் போக முடியாததற்குக் காரணம் இருந்தது. கவிஞருக்கு ஒரு பெண் குழந்தை இருந்து, நடை பழகும் வயதில் இறந்துவிட்டது. இதை அவரே வானொலிப் பேட்டி ஒன்றில் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் நிறுத்திவிட்டார். அந்த மௌனத்தை அப்படியே ஒலிபரப்பினார்கள்.

டீச்சருக்கும் ஒரு பெண் குழந்தை இருந்தது. குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிற பருவத்தில், தூங்கிக்கொண்டிருந்தபடியே போய்விட்டது. அன்றைக்கு அவள் அழவில்லை. அடுத்த நாளும் அழவில்லை. வாரங்கள் போயின, அவள் வாயைத் திறக்கவே இல்லை. இப்படியே விட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொந்தக்காரர்கள் அவள் காதுபடவே பேசிக்கொண்டார்கள். ஒரு மதியம் பக்கத்து வீட்டு வானொலியில் இந்தப் பாட்டு வந்தது. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தன் வயிறு எரிந்த மாதிரியே இன்னொரு வயிறும் எரிந்திருக்கிறது, அந்த மனிதர் அதற்குப் பிறகும் சோறு தின்று, சட்டையை மாட்டிக்கொண்டு, வேலைக்குப் போயிருக்கிறார் என்ற ஒரே நினைப்புதான் அவளை எழுப்பி நிற்க வைத்தது. ஆய்வு அங்கேதான் தொடங்கியது. இது அவள் கணவருக்கு மட்டும் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அந்த மனிதர் அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு அரங்கின் முதல் வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

ஆய்வேட்டின் உயிர் மூன்றாவது இயலில் இருந்தது. மகளை இழந்த துயரம் கவிஞரின் பிற்காலப் பாடல்கள் அத்தனையிலும் எப்படி ஊடுருவி நிற்கிறது என்று அதில் நிறுவியிருந்தாள். புருவத்துப் பிறை மட்டும் பல பக்கங்களைத் தின்றது. அது வளராமல் போன வாழ்வின் குறியீடு என்று எழுதி, அதற்கு ஆதாரமாக வேறு பாடல்களிலிருந்து நிலவை எல்லாம் இழுத்துக்கொண்டு வந்தாள். குழந்தை இறந்ததற்கு ஆதாரம்? அதற்கென்ன பஞ்சம், எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறதே. ஒரு புத்தகம் இன்னொன்றை மேற்கோள் காட்டியது, அது இன்னொன்றைக் காட்டியது. கடைசியில் எல்லாம் போய் நின்றது அவளுடைய ஆய்வு நெறியாளர் இளவயதில் எழுதிய கவிஞரின் வாழ்க்கை வரலாற்றில். இந்த ஆராய்ச்சிக்காரர்கள் வீட்டுக் கதவைத் தட்டமாட்டார்கள், அடிக்குறிப்பைத்தான் தட்டுவார்கள். டீச்சரும் அப்படியே செய்தாள்.

அன்றைய தேர்வு வெண்ணெய் மாதிரி போனது. மேடைக்குப் பின்னால் கவிஞரின் பெரிய படம். எந்தப் படத்திலும் அவருக்கு இடது புருவம் கொஞ்சம் தூக்கியிருக்கும், நீ சொல்வதை நம்பவா வேண்டாமா என்று கேட்கிற மாதிரி. படத்துக்கு முன்னால் நின்று டீச்சர் தெளிவாகப் பேசினாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஜலதோஷத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாராட்டினார். நூலகர் எழுந்து தன் கேள்வியைக் கணீரென்று கேட்டார். நெறியாளர் முகத்தில் பெருமை வழிந்தது. இந்தத் தேர்வைப் பற்றி நாளிதழில் நான்கு வரி வரவழைத்ததும் அவர்தான்.

அடுத்தது நாத்தனார். அவள் எழுந்தாள், வாயைத் திறந்தாள், இருமினாள், உட்கார்ந்துவிட்டாள். அரங்கில் சிரிப்பு எழுந்து அடங்குவதற்குள் கடைசி வரிசையில் இன்னொரு பெண் எழுந்து நின்றாள்.

டீச்சர் வயதோ, இரண்டொரு வருஷம் கூடவோ இருக்கும். சாயம் போன கைப்பை, வேலையிலிருந்து நேரே வந்தது போன்ற களைப்பு. நெறியாளர் நமக்காக இன்னொரு ஆளையும் பிடித்து வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று டீச்சர் நன்றியோடு நினைத்துக்கொண்டாள். தான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பதாகவும், நாளிதழில் பார்த்துவிட்டு வந்ததாகவும் அந்தப் பெண் சொன்னாள். பிறகு, கவிஞரின் குழந்தை இறந்தது நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டாள்.

டீச்சர் அசரவில்லை. பேட்டியைச் சொன்னாள், வாழ்க்கை வரலாற்றைச் சொன்னாள், அதை வழிமொழிந்த புத்தகங்களை ஆண்டு வாரியாக அடுக்கினாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். சீட்டு வாங்கிக்கொண்டு மருந்து எடுத்துக் கொடுக்கிறவர்களிடம் இருக்கிற பொறுமை அது.

“இதை எழுதினவங்கள்ல யாராச்சும் அந்தப் பிள்ளைய அடக்கம் பண்ணதப் பாத்தாங்களா?”

யாரோ சிரித்தார்கள். டீச்சரும் லேசாகச் சிரித்தபடி, ஆய்வில் அப்படியெல்லாம் நேரில் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று சொல்லத் தொடங்கினாள்.

“இல்லம்மா. யாரும் பாத்திருக்க முடியாது. அந்தப் பிள்ளை நான்தான்.”

தேர்வாளர் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டார். முதலில் சுதாரித்துக்கொண்டவர் நெறியாளர். பெரிய மனிதர் ஒருவர் கண்ணை மூடினால் போதும், பிள்ளை என்று சொல்லிக்கொண்டு பத்துப் பேர் கிளம்பிவிடுவார்கள் என்று சபையைப் பார்த்துச் சொன்னார். ஒன்றிரண்டு தலைகள் ஆடின.

அந்தப் பெண் சண்டைக்கு நிற்கவில்லை. நடுவழியாக மேடை வரைக்கும் நடந்து வந்தாள். நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். வலது புருவத்தின் ஓரத்தில், முடி முளைக்காமல், வளைந்து, வெளுத்துப்போன ஒரு தழும்பு. நிலவை எல்லாம் இழுத்துக்கொண்டு வந்து பக்கம் பக்கமாக எழுதினாளே, அந்தப் பிறை.

“நீங்க குறியீடுன்னு சொன்னீங்க. இது அவர் எங்கம்மா மேல விட்டெறிஞ்ச டம்ளர். குறி தவறி என் மேல பட்டுச்சு.”

அவளுடைய இடது புருவம் கொஞ்சம் தூக்கியிருந்தது. டீச்சர் திரும்பிப் பின்னால் இருந்த படத்தைப் பார்த்தாள். மறுபடி இவளைப் பார்த்தாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அரங்கில் இருந்தவர்களும் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள், முன் வரிசையில் ஒருவர் ஐயோ என்றார்.

எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டிருந்தது, ஒருவரைத் தவிர. நெறியாளரின் முகத்தில் அதிர்ச்சி இல்லை. எரிச்சல்தான் இருந்தது, மூடி வைத்த கதவைக் காற்று திறந்துவிட்டது போல. டீச்சர் அதைக் கவனித்துவிட்டாள். மருந்துக்கடைப் பெண்ணும் கவனித்தாள்.

“சாருக்கு என்னை நல்லாத் தெரியும். சின்ன வயசுல எங்கம்மா என்னைக் கூட்டிட்டு அவர் வீட்டுக்குப் போயிருக்காங்க. புத்தகத்துல தப்பா எழுதியிருக்கு, மாத்துங்கன்னு கேட்டாங்க. அடுத்த பதிப்புல பாக்கலாம்னார்.”

அந்தப் புத்தகம் எத்தனை பதிப்பு கண்டது என்று டீச்சருக்குத் தெரியும். பின்னட்டையில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு பதிப்பிலும் ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்பச் சாகடித்து அச்சுக்கு அனுப்பியிருக்கிறார் மனிதர். இத்தனை வருஷம் அவர் எதிரே உட்கார்ந்து அந்த இறப்பைப் பற்றி இவள் கண் கலங்கப் பேசியிருக்கிறாள், அவரும் உச்சுக்கொட்டிக் கேட்டிருக்கிறார்.

மருந்துக்கடைப் பெண் மற்றதையும் சொன்னாள். குரல் உயரவில்லை. கவிஞர் சினிமாவுக்கு எழுதப் போனவர், வீட்டுக்குத் திரும்பவில்லை. அங்கே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது. தொட்டில் பாட்டைப் படத்தில் வந்த காட்சிக்காகத்தான் எழுதினார். பாட்டு பிரபலமானதும் பேட்டி எடுத்தவர், உங்களுக்குக் குழந்தை உண்டா என்று கேட்டார். உண்டு என்றால் எங்கே என்று கேட்பார்கள். இருந்தது, போய்விட்டது என்று சொல்லிவிட்டார். ஒரு தடவை சொன்ன பிறகு அவருக்கும் வேறு வழி இல்லாமல் போயிற்று. பள்ளிக்கூட விழாவில் இந்தப் பாட்டைப் பாடவைத்தபோது, இது எங்கப்பா எழுதினது என்று இவள் ஆசையாகச் சொன்னாள். செத்துப்போன குழந்தையின் பேரில் பொய் சொல்கிறாயே என்று ஆசிரியை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார். இப்போதும் கடையில் வானொலி பாடும்போது மருந்து வாங்க வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்களாம், இவள் மாத்திரையை உறையில் போட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்பாளாம்.

“அவர் போனப்ப நானும் எங்கம்மாவும் போனோம். பொதுமக்கள் வரிசையிலதான் விட்டாங்க. எனக்கு முன்னாடி நின்னவர் திரும்பி என்கிட்டயே சொல்றார், பாவம்மா, பெத்த பிள்ளையப் பறிகொடுத்த மனுஷன்னு.” அவள் கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். “சண்டை போட வரல. எனக்கு எதுவும் வேணாம். நான் செத்துட்டேன்னு நீங்களாவது எழுதாதீங்க. அவ்வளவுதான்.”

நெறியாளர் டீச்சரின் பக்கம் சாய்ந்தார். இது ஆய்வின் எல்லைக்குள் வராது என்று ஒரு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும்படியும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் காதோடு சொன்னார். வருஷ முடிவுக்குள் பட்டம் வராவிட்டால் கல்லூரி வேலை போய்விடும் என்பதையும் நினைவுபடுத்தினார். அதை அவள் மறந்தால்தானே.

டீச்சர் எதிரே நின்ற முகத்தைப் பார்த்தாள். அந்தச் சமையலறைத் தரை ஞாபகத்துக்கு வந்தது. தன்னைத் தூக்கி நிறுத்திய துயரம், எவனோ ஒருவன் பேட்டியில் நழுவப் பார்த்துச் சொன்ன பொய். தன் பிள்ளைக்காக அழுததாக நினைத்து, டம்ளர் எறிந்தவனோடு சேர்ந்து அழுதிருக்கிறாள். இவள் நிஜமாகவே செத்துப் போயிருக்கக் கூடாதா என்று ஒரு எண்ணம் வந்தது.

வந்தது என்ன, முழு வாக்கியமாகவே வந்தது. பிள்ளையை மண்ணில் போட்டவள், எதிரே உயிரோடு வந்து நிற்கிற இன்னொருத்தி பெற்ற பிள்ளையைப் பார்த்து இதை நினைத்தாள். எதற்காக? ஒரு இயல் நிற்க வேண்டும் என்பதற்காக. கவிஞருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். அவருக்கும் இந்தப் பிள்ளை செத்திருந்தால் சௌகரியமாக இருந்தது, சொல்லிவிட்டார். அன்றைக்குக் கேட்டதிலேயே அவளை அதிகம் அதிரவைத்தது தன் மனசு போட்ட அந்த ஒரு வாக்கியம்தான்.

பதிலுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். வெளியூர்த் தேர்வாளர் நல்ல மனிதர், உதவிக்கு வந்தார். இதற்காக ஆய்வேட்டை நிறுத்த வேண்டியதில்லை, இந்தத் தகவலை ஓர் அடிக்குறிப்பாகச் சேர்த்துவிட்டால் போதும் என்று அபிப்பிராயம் சொன்னார்.

“ஐயா, இவ்வளவு பெரிய ஆளைக் கொண்டுபோய் அடிக்குறிப்புல எப்படிப் போடறது?” என்றாள் டீச்சர். “மூணாவது இயல் பொய். அதை எடுத்தா மத்த இயலும் நிக்காது. நான் ஆய்வேட்டைத் திரும்ப வாங்கிக்கறேன். எனக்கு இன்னிக்குப் பட்டம் வேணாம்.”

நெறியாளர் ஏதேதோ சொன்னார். குரல் உயர்ந்தது, உணர்ச்சிவசப்படுகிறாள் என்றார், பெண்களுக்கே உள்ள இளகிய மனசு என்றார். டீச்சர் பொருட்படுத்தவில்லை. நாத்தனார் சீட்டைக் கசக்கியபடி, எல்லாம் தான் இருமியதால் வந்த வினை என்று அண்ணனிடம் அழத் தொடங்கினாள். அவர் அவள் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுத் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தேநீர் எப்படியும் சொல்லியாகிவிட்டது, வந்தது. வாழ்த்துவதா துக்கம் விசாரிப்பதா என்று தெரியாமல் ஜனங்கள் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு நழுவினார்கள். டீச்சர் இரண்டு கோப்பைகளோடு வெளியே வந்தபோது மருந்துக்கடைப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னால் உங்கள் வேலைக்கு ஆபத்தாமே, உள்ளே பேசிக்கொண்டார்கள் என்று வருத்தப்பட்டாள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடையில் நின்றபோது வந்த அந்த எண்ணத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். பிறகு தன் குழந்தையைப் பற்றியும், பக்கத்து வீட்டு வானொலியைப் பற்றியும் சொன்னாள். கணவர் அல்லாத ஒருவரிடம் அதை அவள் சொன்னது அதுவே முதல் தடவை.

மருந்துக்கடைப் பெண் கோபப்படவில்லை. தேநீர் ஆறி ஆடை படிந்துவிட்டது.

“எங்கம்மா அந்தப் பாட்டு வந்தா வானொலிய அணைச்சிருவாங்க,” என்றாள் கடைசியில். “எனக்கும் அது வேணாம். அது செத்துப்போன பிள்ளைக்கு எழுதின பாட்டு, நான்தான் சாகலையே. நீங்க வெச்சுக்கங்க. உங்க பாப்பாவோடதா இருக்கட்டும்.”

அந்தப் பெண் எழுந்து பின்பக்கத் தூசியைத் தட்டினாள், கடைக்கு நேரமாகிவிட்டது என்றாள். இரண்டு படி இறங்கியவள் திரும்பி, விரலால் புருவத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“இந்த ஒரு வரி மட்டும் என்னோடது. அதைக் குடுக்க மாட்டேன்.”

அன்று சாயங்காலம் டீச்சர் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் நாத்தனார் இன்னும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கல்லூரியில் என்ன சொல்வது என்று கணவர் யோசித்துக்கொண்டிருந்தபோது உள்ளே ஏதோ சத்தம் கேட்டது. முதலில் குழாய்தான் அப்படிக் கத்துகிறது என்று நினைத்தார். எழுந்து போய்க் கதவோரம் நின்றார்.

பாட்டு டீச்சர் பாடிக்கொண்டிருந்தாள். சுருதியும் இல்லை, குரலும் இல்லை. முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வந்தது. மூன்றாவது வரிக்கு அவள் வாயை மூடிக்கொண்டு, அந்த வரி கடந்து போகிற வரைக்கும் கையில் பாத்திரத்தோடு சும்மா நின்றாள். பிறகு நான்காவது வரியைப் பாடினாள்.